டேக் ஆஃப்: பட்டியலில் அடங்காத வினை

அயல்நாட்டுப் பணியை நாடும் செவிலியர்கள் திருவனந்தபுரத்தின் பயிற்சி மையங்களில் ஐஇஎல்டிஎஸ், ஓஇடி தேர்வுகளுக்கு ஆயத்தமாகும்போது, ‘ஃபிரேசல் வெர்ப்’ எனப்படும் ஆங்கிலத் தொடர்வினைகளைப் பட்டியலாக மனனம் செய்கின்றனர். ‘டேக் ஆஃப்’ என்பதற்கு விமானம் மேலெழுதல், உடை களைதல், விடுப்பு எடுத்தல், விலை குறைத்தல், கம்பி நீட்டுதல், ஒருவரைப்போல் நடித்துக் காட்டுதல், வணிகம் சூடுபிடித்தல் என ஏழு பொருள்கள். நோயாளியை ஆக்சிஜனிலிருந்து ‘டேக் ஆஃப்’ செய்யுமாறு மருத்துவர் சொன்னால் அது எத்தனையாவது பொருள்?

பட்டியலே இங்குத் தடை. ‘ஆஃப்’ என்பது ஒட்டியிருந்த ஒன்று பிரிவதைக் குறிக்கிறது. நிலத்தினின்று விமானம், உடலினின்று உடை, பணியினின்று ஒரு நாள், குழாயினின்று நோயாளி. (கடைசித் தொடரில் அது முன்னிடைச்சொல் என இலக்கண நூலார் வேறாக்குவர், பிரிவுப் பொருள் மாறுவதில்லை.) வணிகம் சூடுபிடித்தல் விமானத்தினின்று பிறந்த உருவகம். பொருளியலறிஞர் ராஸ்டோ 1960இல் வெளியிட்ட நூலில் வளர்ச்சிப் படிநிலை ஒன்றுக்கு இப்பெயரையே இட்டார். நடித்துக் காட்டுதல் மட்டும் இவ்விளக்கத்துக்கு எளிதில் வசப்படாது. அதை மனனம் செய்வதே நேர்மை.

தமிழ் மாணவருக்கு இதில் அயன்மை ஏதுமில்லை. ‘நீங்கு’ தன்வினை, ‘நீக்கு’ பிறவினை. மலையாளத்திலும் நீங்ஙுக, நீக்குக என்னும் இணை உண்டு. முன்னது அங்கே பெரிதும் நகர்தலைக் குறிக்கும். நாம் வினையின் வடிவிலேயே காட்டும் இவ்வேறுபாட்டை ஆங்கிலம் செயப்படுபொருளின் வரவைக்கொண்டு காட்டுகிறது. விமானம் ‘டேக் ஆஃப்’ ஆனால் நீங்குதல். சட்டையை ‘டேக் ஆஃப்’ செய்தால் நீக்குதல். இரு தாய்மொழிகளும் கற்றுத்தந்திருக்கும் இந்த அறிவைப் பயிற்சி வகுப்புகள் வாசலிலேயே நிறுத்திவிடுகின்றன. தாய்மொழி குறுக்கிட்டால் ஆங்கிலம் கெடும் என்ற பழைய அச்சம்!

2014இல் ஈராக்கின் திக்ரித் நகரில் சிக்கி மீண்ட கேரளச் செவிலியரின் துயரைத் தழுவி 2017இல் வெளிவந்த மலையாளத் திரைப்படத்தின் பெயரும் ‘டேக் ஆஃப்’தான். ஊர் நீங்கலும் உயிர்தப்பி மீளலும் அதில் ஒருசேர ஒலிக்கின்றன. அப்படத்தை அறியாத செவிலிய மாணவர் இங்கு அரிது. அவர்களிடம் ஏழு பொருள்களை ஒப்பிக்கச் சொல்வதற்குமுன் இரண்டு வினாக்களைக் கேட்கலாம். எது, எதினின்று பிரிகிறது? தானே பிரிகிறதா, பிறர் பிரிக்கின்றனரா?