வெந்நீருக்கு எது வழி?

மார்கழி பிறந்துவிட்டால் நம் மன்றத்தில் அரசியல் பேச்சு நின்று வெந்நீர்ப் பேச்சு தொடங்கிவிடுகிறது. அதை நான் குறை கூறவில்லை. சென்னையிலும் மதுரையிலும் வளர்ந்தவனுக்கு, விடியற்காலையில் 10 டிகிரிக்கு இறங்கும் புனேக் குளிர் சாதாரணமானதல்ல. அறைக்குக் கணப்பு வேண்டாம்; ஒரு கம்பளி போதும். குளிக்க வெந்நீர் இல்லாமல் முடியாது. ஆனால் வாடகை வீடு தேடும் நண்பர்கள் சன்னலைப் பார்க்கிறார்கள், வாடகையைப் பேரம் பேசுகிறார்கள். குளியலறைச் சுவரில் தொங்குவது என்ன என்று பார்ப்பதில்லை. முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

பழைய புனே இதற்குச் செம்பால் விடை சொன்னது. கஸ்பா பேட்டையில் உள்ள தாம்பட் ஆளி என்னும் கன்னார் தெருவின் தொழில் பேஷ்வாக்கள் காலத்தது. மராத்தியர் ‘பம்ப்’ என்பது, நம் பாட்டிமார் ‘பாய்லர்’ என்று அழைத்த அதே பாண்டம்தான்: நடுவே புகைக்குழல், அதில் விறகோ தேங்காய் மட்டையோ எரியும், சுற்றிலும் நீர். அழகான பொருள். ஆனால் நான்காம் மாடியில் அதை மூட்டினால் வீட்டுக்காரர் நம்மை மூட்டை கட்ட வைப்பார்.

ஆகவே மின்சாரம், காஸ், சூரியன்.

மின்சாரக் கணக்கு எளிது. 20 டிகிரியில் உள்ள ஒரு வாளி நீரை, அதாவது 20 லிட்டரை, 45 டிகிரிக்கு ஏற்றச் சுமார் 0.6 யூனிட் ஆகும். மூவர் வசிக்கும் வீட்டில் மாதம் 54 யூனிட். வாளியில் போடும் ஹீட்டர் கம்பிக்கும் சுவரில் மாட்டிய கீசருக்கும் பெரிய வேறுபாடில்லை. கம்பி வாளியில் இருக்கும்போதே கைவிட்டுச் சூடு பார்க்கும் வீரர்களுக்கு ஒரு வார்த்தை: முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள்.

என் வழக்கெல்லாம் காஸ் கீசரோடுதான். திருகியதும் வெந்நீர் கொட்டும், உண்மை. ஆனால் அது நெருப்பு. கதவு சாத்திய சிறு குளியலறையில் நெருப்பு எரிந்தால் பிராணவாயு குறையும், எரிதல் அரைகுறையாகும், கார்பன் மோனாக்சைடு பிறக்கும். அதற்கு மணமில்லை, நிறமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினைப் பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றுடன் அது பிடித்துக்கொள்ளும். தலை சுற்றுகிறதே என்று உணர்வதற்குள் கால் தளர்ந்துவிடும், தாழ்ப்பாளோ உள்ளே. நம் நாட்டில் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. குளிருக்காகச் சன்னலை அடைக்கும் மாதங்களில்தான் ஆபத்து மிகுதி. கீசர் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டத்தில், புகைபோக்கியுடன் இருக்க வேண்டும். இல்லையென்றால் வாடகை எவ்வளவு மலிவானாலும் அதை எரிய விடாதீர்கள். “ஏழை மாணவன் என்ன செய்வான்?” என்று கேட்கலாம். ஹீட்டர் கம்பி சில நூறு ரூபாய்தான்.

எனக்குப் பிடித்தது சூரியன். மொட்டை மாடியில் 2 சதுர மீட்டர் தகடு, நல்ல வெயில் நாளில் 100 லிட்டர் நீரை 60 டிகிரி அளவுக்குக் காய்ச்சித் தரும். ஆடி மழையில் அது உறங்கும். அப்போது கம்பிதான் துணை. குழாயில் முதலில் வரும் தண்ணீரைப் பிடித்துத் துணி துவைக்க வேண்டும். கடைசியில் எழுபவனுக்குப் பச்சைத் தண்ணீர்தான், அதுவும் நீதியே. சூரிய வெந்நீர், மழைநீர்ச் சேமிப்பு, மண்புழு உரம் ஆகியவற்றுள் ஒன்றைச் செய்த வீட்டுக்குச் சொத்து வரியில் 5 சதவீதமும், இரண்டு செய்தால் 10 சதவீதமும் புனே மாநகராட்சி தள்ளுபடி அளித்து வந்திருக்கிறது. வீட்டுக்காரரிடம் போகும்போது நான்கு பேராகப் போங்கள். பேச்சை வரித் தள்ளுபடியிலிருந்து தொடங்குங்கள். வெந்நீரைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம்.