உமாபதியின் வாரிசு யார்?

மக்களவையில் செங்கோலை எடுத்துவிட்டு அரசமைப்புச் சட்டத்தை வையுங்கள் என்று 2024இல் சமாஜ்வாதி உறுப்பினர் ஆர்.கே.சௌத்ரி கேட்டதும், அதை நேருவிடம் அளித்த திருவாவடுதுறை ஆதீனம் மறுபடி விவாதப் பொருளானது. 1947 ஆகஸ்ட் 14 இரவு நேரு அதை எந்த மனநிலையில் வாங்கினார், மவுண்ட்பேட்டன் கைக்கு அது போனதா இல்லையா என்று இரு தரப்பும் தொண்டை வறளப் பேசின. ஆதீனத்தின் உண்மையான செல்வம் அதன் குருமரபு. அதைப் பற்றி வாய் திறப்பார் இல்லை.

மெய்கண்டார், அருணந்தி, மறைஞான சம்பந்தர், உமாபதி சிவம் என நால்வர். பின்பு அருள்நமசிவாயர், சித்தர் சிவப்பிரகாசர். அவரிடம் உபதேசம் பெற்ற மூவலூர் நமசிவாய மூர்த்திகள் கண்டதே துறைசை எனப்படும் திருவாவடுதுறை மடம். இந்த வரிசையில் பிறப்பும் வயதும் எத்தனை முறை தோற்றிருக்கின்றன! மெய்கண்டாரின் குடும்பத்துக்கே குலகுருவாக இருந்த அருணந்தி, அந்தச் சிறுவனுக்கு மாணவரானார். உமாபதியோ தில்லைவாழ் அந்தணர். நெசவாளர் பாவுக்கு வைத்திருந்த கஞ்சியை மறைஞான சம்பந்தர் வாங்கிக் குடிக்க, அவர் கையிலிருந்து வழிந்ததை ஏந்திப் பருகியதற்காகத் தீட்சிதர்கள் அவரைத் தள்ளிவைத்தனர் என்கிறது மரபு. அதே உமாபதி, மடத்துக்கு விறகு கொண்டுவந்த பெற்றான் சாம்பானுக்கு முத்தி தீட்சை அளித்தார். தீண்டத்தகாதவர் என்று ஊர் ஒதுக்கிய குலத்தவர் பெற்றான். அவர் சோதியில் கரைந்ததும் கணவனைக் கொன்றுவிட்டார் என்று மனைவி அரசனிடம் முறையிட, முள்ளிச் செடிக்கும் தீட்சை தந்து காட்டினார் உமாபதி. புராணம்தான். ஆனால் எந்தப் புராணத்தை ஒரு மடம் தன் வேராகச் சொல்லிக்கொள்கிறது என்பதில்தான் அதன் நெறி இருக்கிறது.

இன்று அந்த மடத்தில் தம்பிரான் என்னும் துறவியாகிக் காவி உடுத்த, சைவ வேளாளர் குலத்தில் பிறந்திருக்க வேண்டும். தலைமைப் பீடத்துக்குப் போகும் வழியும் அதுவே. இது வழக்காறு என்பார்கள். உமாபதியைத் தள்ளிவைத்ததும் வழக்காறுதான். உச்ச நீதிமன்றத்தின் 1954 சிரூர் மடத் தீர்ப்பைக் காட்டி, சமயக் காரியத்தில் தலையிடாதீர் என்பார்கள். அந்தத் தீர்ப்பு அரசின் கையைத்தான் கட்டுகிறது. மடத்தின் தலைவரான குருமகா சந்நிதானம் நினைத்தால் நாளைக்கே கதவு திறக்கும்.

மடத்துக்குப் பெருமை சேர்த்தவர்களைப் பாருங்கள். சிவஞான மாபாதியம் எழுதிய சிவஞான முனிவர் கடைசிவரை தம்பிரானாகவே இருந்தார், பீடம் ஏறியதில்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இல்லறத்தார். அவரிடம் பாடம் கேட்டவர்களில் சவராயலு நாயகர் கிறித்தவர், நாகூர் குலாம் காதிறு நாவலர் இஸ்லாமியர், உ.வே.சா. ஸ்மார்த்தப் பிராமணர். அன்றைய பீடாதிபதி சுப்பிரமணிய தேசிகர் மகாவித்துவானையும் உ.வே.சா.வையும் போற்றி வளர்த்ததால்தான் அவர் பெயர் இன்றும் தமிழ் படித்தவர் நாவில் இருக்கிறது. பாடம் சொல்வதில் குலம் பார்க்காத மடம், காவி கொடுக்கும்போது மட்டும் பார்ப்பது எந்தச் சித்தாந்தத்தில் எழுதியிருக்கிறது?

பீடம் இன்று 24ஆவது எண்ணை எட்டியிருக்கிறது. என்னைப் பொறுத்தவரை, உமாபதியின் மரபு இடையில் எங்கோ அறுந்துவிட்டது. நடப்பது பீடத்தின் எண்ணிக்கை மட்டுமே. வரும் தை மாதக் குருபூஜைக்குள் பெற்றான் சாம்பான் குலத்துப் பிள்ளை ஒருவனைத் தம்பிரானாகச் சேர்த்துக்கொள்ளட்டும். செங்கோல் எங்கே இருக்க வேண்டும் என்பதை அதன்பிறகு பேசலாம்.