தர்மபுரி வாத்தியாருக்கு டெல்லிப் படிப்பு எட்டுமா?

வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் "கல்விக் கொள்கை" படிப்பு

மலை அடிவாரத்தில் ஒரு சிறிய பள்ளிக்கூடம். தர்மபுரி மாவட்டத்தில் இப்படி எத்தனையோ பள்ளிக்கூடங்கள் உண்டு. அவற்றில் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள்.

மணி அடிக்கிறது. பிள்ளைகள் ஓடி வருகிறார்கள். வாத்தியார் பெயர் கூப்பிடுகிறார். பதிவேட்டில் 30 பெயர்கள். வந்திருப்பவர்கள் 24 பேர்.

மீதி 6 பேர் எங்கே?

சென்னையில் இருக்கும் அதிகாரிக்கு இதற்கு விடை தெரியாது. டெல்லியில் இருக்கும் அதிகாரிக்கும் தெரியாது. வாத்தியாருக்குத் தெரியும். இரண்டு பேருடைய தாய் தகப்பன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டார்கள். பிள்ளைகளும் கூடவே போய்விட்டன. ஒரு சிறுமி வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொள்கிறாள். மற்ற மூன்று பேரும் எட்டத்தில் இருக்கும் ஒரே குடிசைப் பகுதியைச் சேர்ந்தவர்கள். நேற்று மழை. ஓடையைத் தாண்ட முடியவில்லை.

விடை தெரிந்தவர் வாத்தியார். ஆனால், திட்டம் போடுகிறவர் வேறு ஒருவர். இந்த இரண்டு பேரையும் ஒரே ஆளாக ஆக்க முடியுமா? முடியும் என்கிறது ஒரு படிப்பு. அதன் பெயர்தான் கல்விக் கொள்கை, கல்வித் திட்டமிடல்.

அது என்ன படிப்பு?

பி.எட். படிப்பு, பாடம் நடத்துவது எப்படி என்று கற்றுத்தரும். இது அப்படி அல்ல. எங்கே பள்ளிக்கூடம் வைப்பது? எத்தனை ஆசிரியர்களைப் போடுவது? பணத்தை எதற்குச் செலவிடுவது? போட்ட திட்டம் பலன் தந்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இவற்றைக் கற்றுத்தரும் படிப்பு இது.

மேலே சொன்ன பள்ளிக்கூடத்தையே பாருங்கள். "இந்த ஊரில் பெற்றோருக்கு அக்கறை இல்லை" என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போகலாம். பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள். கொள்கை படித்தவர் அப்படி எழுத மாட்டார். எந்த மாதத்தில் பிள்ளைகள் நிற்கிறார்கள், எந்தத் தெருவில் நிற்கிறார்கள், ஆணா பெண்ணா என்று பிரித்துப் பார்ப்பார்.

பிரித்துப் பார்த்தால் வைத்தியம் மாறுகிறது. வெளியூர் போகும் குடும்பத்துப் பிள்ளைக்குத் தேவை, தங்கிப் படிக்கும் விடுதி. தம்பியைப் பார்க்கும் சிறுமிக்குத் தேவை, பக்கத்தில் ஓர் அங்கன்வாடி. ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் மூன்று பேருக்குத் தேவை, ஒரு சிறு பாலம்.

ஒரே வியாதி போலத் தெரிந்தது. பார்த்தால் மூன்று வியாதி!

மலையில் ஒரு கிலோ மீட்டர்

இன்னொரு உதாரணம். இலவசக் கட்டாயக் கல்விச் சட்டம் 2009-ம் ஆண்டு நிறைவேறியது. 2010-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி அமலுக்கு வந்தது. மத்திய அரசாங்கத்தின் மாதிரி விதிகள் என்ன சொல்கின்றன? தொடக்கப்பள்ளி 1 கிலோ மீட்டருக்குள் இருக்கவேண்டும். 6 முதல் 8-ம் வகுப்பு வரை படிக்கும் பள்ளி 3 கிலோ மீட்டருக்குள் இருக்கவேண்டும்.

நல்ல விதிதான். ஆனால், சித்தேரி மலையிலும் வத்தல்மலையிலும் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், மலையில் தூரம் வேறு. வரைபடத்தில் 1 கிலோ மீட்டர் என்று இருக்கும். கால்நடையாகப் போனால், பாதை சுற்றிச் சுற்றிப் போகும்.

விதியை எழுதியவர்களும் இதை மறந்துவிடவில்லை. சாலை இல்லாத இடம், வெள்ளம் வரும் இடம், நிலம் சரியும் இடம் ஆகியவற்றில் தூரத்தைக் குறைத்துக்கொள்ள அதே விதிகளில் இடம் இருக்கிறது. ஆனால், அப்படி ஒரு வரி இருப்பது மலையில் இருப்பவருக்குத் தெரிந்தால்தானே அவர் கேட்பார்? கேட்டால்தானே கிடைக்கும்?

தர்மபுரியின் கணக்கு

தர்மபுரிக்கு இது ஏன் முக்கியம்? சேலத்தில் இருந்து 1965-ம் ஆண்டு பிரிந்து உருவானது தர்மபுரி மாவட்டம். 2004-ம் ஆண்டு கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தது. 2011-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில், தமிழ்நாடு முழுவதும் எழுதப்படிக்கத் தெரிந்தவர்கள் 100-க்கு 80 பேர். தர்மபுரியில் 100-க்கு 68 பேர்தான். பெண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் சுமார் 60 பேர். அன்று இருந்த 32 மாவட்டங்களில் கடைசி இடம் தர்மபுரிக்கு!

மாநிலம் முழுவதற்கும் ஒரே அளவில் சட்டை தைத்தால், கடைசியில் நிற்கும் மாவட்டத்துக்கு அது பொருந்தாது. அளவு எடுக்கத் தெரிந்த ஆள் அந்த ஊரிலேயே இருக்கவேண்டும்.

இதை அரசாங்கமே ஒரு தடவை ஒப்புக்கொண்டது. 1994-ம் ஆண்டு, "மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம்" என்று ஒரு திட்டம் வந்தது. முதல் கட்டத்தில் 7 மாநிலங்களில் 42 மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். பெண்கள் படிப்பில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு முதல் இடம் தந்தார்கள். அவற்றில் ஒன்று தர்மபுரி.

மாவட்டத்துக்கு வேண்டிய திட்டத்தை மாவட்டத்திலேயே போடவேண்டும் என்பதுதான் அதன் புதுமை. ஆசிரியர்களுக்குத் துணையாக இருக்கும் வட்டார வள மையங்கள் அந்தக் காலத்தில் பிறந்தவைதான். திட்டம் முடிந்துவிட்டது. மையங்கள் இன்றும் இருக்கின்றன.

ஊர் ஊராகச் சுற்றிய இயக்குநர்

களத்தில் வேலை செய்தவர் கொள்கை வகுத்தால் என்ன நடக்கும்? தமிழ்நாட்டிலேயே சாட்சி உண்டு. அவர் பெயர் நெ. து. சுந்தரவடிவேலு. பஞ்சாயத்து அதிகாரியாக வேலையைத் தொடங்கியவர். பிறகு பள்ளிகளைப் பார்வையிடும் அதிகாரியாக ஊர் ஊராகச் சுற்றியவர். 1954-ம் ஆண்டு கல்வி இயக்குநர் ஆனார்.

அப்போது முதல்-அமைச்சர் காமராஜர். பசித்த பிள்ளை பள்ளிக்கூடம் வராது என்பது இருவருக்கும் தெரியும். 1956-ம் ஆண்டு மதிய உணவுத் திட்டம் பிறந்தது. அதே எண்ணத்தின் தொடர்ச்சியாக, 2022-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி, காலை உணவுத் திட்டம் மதுரையில் தொடங்கியது.

எங்கே படிப்பது?

டெல்லியில் இதற்கென்றே ஒரு நிறுவனம் இருக்கிறது. பெயர், தேசியக் கல்வித் திட்டமிடல் மற்றும் நிர்வாக நிறுவனம். ஐ.நா. சபையின் கல்வி அமைப்பான யுனெஸ்கோ, 1962-ம் ஆண்டு ஆசிய நாடுகளுக்காக அமைத்த பயிற்சி மையத்தில் இருந்து வளர்ந்தது இது. 2006-ம் ஆண்டு பல்கலைக்கழக அந்தஸ்து பெற்றது. வேலையில் இருக்கும் கல்வி அதிகாரிகளுக்காக முதுநிலை டிப்ளமோ நடத்தியது. கொஞ்ச நாள் வகுப்பில் படிப்பு. மிச்ச நாள் சொந்த மாவட்டத்திலேயே ஆராய்ச்சி.

மும்பையில் உள்ள டாட்டா சமூக அறிவியல் நிறுவனம், வேலை பார்ப்பவர்களுக்காகத் தொடக்கக் கல்வியில் எம்.ஏ. படிப்பை 2006-ம் ஆண்டு தொடங்கியது. தர்மபுரிக்குப் பக்கத்தில் என்றால் பெங்களூர்தான். அங்கே 2010-ம் ஆண்டு உருவான அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் கல்வியில் எம்.ஏ. பட்டம் தருகிறது.

வெளிநாட்டிலும் உண்டு. பாரிஸ் நகரில் யுனெஸ்கோ 1963-ம் ஆண்டு ஒரு கல்வித் திட்டமிடல் நிறுவனம் தொடங்கியது. அந்தக் காலத்தில் யுனெஸ்கோவின் துணைத் தலைமை இயக்குநராக இருந்தவர் யார் தெரியுமா? வேலூரில் பிறந்த மால்கம் ஆதிசேஷையா!

ஆக, தமிழருக்கு இந்தத் துறை புதிது அல்ல. தர்மபுரி வாத்தியாருக்குத்தான் அது இன்னும் எட்டவில்லை.

மூன்று தடைகள்

முதல் தடை, மொழி. இந்தப் படிப்புகளில் பாடமும் விவாதமும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கின்றன. தமிழில் படித்து, தமிழில் பாடம் சொல்லும் கிராமத்து ஆசிரியர் தயங்குகிறார்.

இரண்டாவது தடை, தூரம். டெல்லி, ரெயிலில் 2 ஆயிரம் கிலோ மீட்டருக்கு மேல். ஓராசிரியர் பள்ளியிலும் ஈராசிரியர் பள்ளியிலும் ஒருவர் நகர்ந்தால் வகுப்பு காலி. குடும்பம் இருக்கிற ஆசிரியைக்குச் சிரமம் இரட்டிப்பு.

மூன்றாவது தடை, பணம். முன்பு தமிழ்நாட்டில் மேல்படிப்பு முடித்த ஆசிரியருக்கு ஊக்க ஊதிய உயர்வு கிடைத்தது. அது சம்பளத்தோடு சேர்ந்து மாதா மாதம் வரும். 2020-ம் ஆண்டு மார்ச் மாதம் அரசாங்கம் அதை ரத்து செய்தது. பிறகு, ஒரே தடவையாக ஒரு தொகை தரும் முறை அறிவிக்கப்பட்டது. "கைக்காசைப் போட்டு ஏன் படிக்கவேண்டும்?" என்று ஓர் ஆசிரியர் கேட்டால், அதில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது.

எதிர்ப்பக்கமும் ஒரு நியாயம் உண்டு. பட்டம் வாங்கியவர் எல்லாம் நல்ல நிர்வாகி ஆகிவிடுவதில்லை. ஊதிய உயர்வுக்காக மட்டும் பட்டம் சேர்த்தவர்களும் உண்டு. ஆகவே, பட்டத்தைப் பார்த்துப் பணம் தருவதைவிட, படித்தவருக்குப் படிப்புக்கு ஏற்ற பொறுப்பைத் தருவது மேல்.

இனி என்ன செய்யலாம்?

2025-ம் ஆண்டு ஆகஸ்டு 8-ந் தேதி, தமிழ்நாட்டின் மாநிலக் கல்விக் கொள்கை சென்னையில் வெளியிடப்பட்டது. அதற்கு முன்பு, 2020-ம் ஆண்டு மத்திய அரசாங்கத்தின் தேசியக் கல்விக் கொள்கை வந்தது. இரண்டையும் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் ஏராளம். பென்னாகரத்திலும் அரூரிலும் பாலக்கோட்டிலும் அதை நடைமுறைக்குக் கொண்டுவரப் போகிறவர்கள் ஆசிரியர்களும், வட்டாரக் கல்வி அலுவலர்களும்தான்.

இவர்களுக்குத் தமிழிலேயே இந்தப் படிப்பைக் கொடுத்தால் என்ன? சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் இருக்கிறது. தர்மபுரிக்குப் பக்கத்தில், பைசுஅள்ளியில், அதன் விரிவாக்க மையம் இருக்கிறது. சென்னையில் 2002-ம் ஆண்டு அமைந்த தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கோடை விடுமுறையில் வகுப்பு, மற்ற மாதங்களில் சொந்த ஒன்றியத்திலேயே ஆராய்ச்சி என்று வைத்தால், எந்த வகுப்பும் காலியாகாது.

ஆராய்ச்சிக்கு விவரம் தேடி அலையவேண்டாம். ஒவ்வொரு பிள்ளையின் விவரமும் "எமிஸ்" என்ற கணினித் தொகுப்பில் ஏறுகிறது. அதைப் பிரித்துப் படிக்கத் தெரிந்த ஒருவர் ஒன்றியத்துக்கு ஒருவர் இருந்தால், அந்த விவரம் ஊருக்கே திரும்பி வந்து பயன்படும்.

நாளைக் காலையும் மணி அடிக்கும். வாத்தியார் பெயர் கூப்பிடுவார். 6 பேர் வரமாட்டார்கள். ஏன் வரவில்லை என்பது அவருக்குத் தெரியும். அதை அரசாங்கத்துக்குப் புரியும்படி எழுத அவருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டால், அந்த 6 பேரும் ஒரு நாள் வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள்.