மருந்தென்று விற்கும் செப்புக் காப்பு

என் அக்காவுக்கு முடக்குவாதம். போன ஐப்பசியில் ஊருக்குள் நடந்த ஒரு கைவினைக் கண்காட்சியில் 650 ரூபாய் கொடுத்து முறுக்குக் கம்பிக் காப்பு ஒன்று வாங்கி மாட்டிக்கொண்டார். "சுத்தச் செம்புங்க. மூட்டுவலி போயிரும், கறுக்கவும் கறுக்காது" என்று விற்றவர் சொன்னாராம். அதை நம்பி, வாரம் ஒருமுறை போடும் மாத்திரையை யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிட்டார். பொங்கலுக்குப் போனபோது காப்பி டம்ளரை இரண்டு கையாலும் தூக்கினார்.

காப்பை வாங்கிப் பார்த்தேன். முப்பது வருஷம் மோட்டார் வைண்டிங்கில் உட்கார்ந்தவனுக்குச் சந்தேகம் வராமல் இருக்குமா? மல்டிமீட்டர் முனைகளை வைத்தேன்; சத்தமில்லை. பிளேடால் இரண்டு இடம் சுரண்டிவிட்டு வைத்தேன், கத்தியது. எனாமல் பூசிய வைண்டிங் கம்பி! சுற்றுக்குச் சுற்று ஷார்ட் ஆகாமலிருக்கப் பூசும் பூச்சு அது. கறுக்காததற்குக் காரணமும் அதுதான். செம்பு தோலில் பட்டால் குணமாகும் என்று விற்ற காப்பில், செம்பு தோலைத் தொடவே இல்லை.

1937-லேயே ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் மோட்டார் செய்த ஊர் இது. வைண்டிங் கடைகளில் மிச்சக் கம்பி எடைக்குக் கிடைக்கும். அதில் நகை செய்வது தப்பில்லை. வைத்தியம் என்று விற்பதுதான் தப்பு.

பூச்சில்லாத செம்பென்றால் குணமாகுமா என்று கேட்பீர்கள். இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்தார் முடக்குவாதம் உள்ள 70 பேருக்குச் செப்புக் காப்பும் காந்தப் பட்டைகளும் ஐந்து மாதம் மாற்றி மாற்றி மாட்டிப் பார்த்தார்கள். 2013-ல் முடிவு வந்தது. வலியும் குறையவில்லை, வீக்கமும் குறையவில்லை. வாட்ஸ்அப்பில் காப்பு மகிமை அனுப்பும் நண்பர்கள் இதையும் அனுப்பலாமே.

எனக்குக் கோபம் இன்னொன்றிலும். நல்ல கம்பி நகைக்கு இந்தப் பொய் தேவையே இல்லைங்க. ஓய்வுக்குப் பிறகு நானும் பழைய எர்த் கம்பியில் பேத்திகளுக்கு வளையல் செய்கிறேன். மங்கலான சிவப்பு வரும்வரை காய்ச்சித் தண்ணீரில் போட்டால் செம்பு இளகும், எஃகுக்கு நேர்மாறு. வளைக்க வளைக்க இறுகும். திரும்பக் காய்ச்ச வேண்டும். கறுப்பைப் புளியும் உப்பும் எடுத்துவிடும். பிறகுதான் பாதி வேலையே. நுனியை அரத்தால் உருட்டி, எமரித்தாளில் தேய்த்து, சேலைத் தலைப்பில் ஓட்டிப் பார்க்க வேண்டும். நூல் இழுத்தால் இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். அக்கா காப்பின் நுனி கட்டரில் வெட்டியது வெட்டியபடியே, ஊசி மாதிரி இருந்தது.

இந்த உழைப்புக்கு 650 என்ன, 1,000 கூடக் கேளுங்கள். ஆனால் என்ன கம்பி, பூச்சு உண்டா என்று சொல்லி விற்க வேண்டும். வெறும் செம்பென்றால் மங்கும், வியர்வையில் கையில் பச்சை படியும், சோப்புப் போட்டால் போய்விடும் என்றும் சொல்ல வேண்டும். இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு எனாமலை எரித்து எடுக்க யாரும் கிளம்பிவிடாதீர்கள். அந்தப் புகை நல்லதல்ல.

அக்கா மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்துவிட்டார். வீக்கம் வடிந்திருக்கிறது. வலது கை மோதிர விரல் மட்டும் இன்னும் நிமிரவில்லை.