கொடியைப் பார்க்காதீர், கோரிக்கையைப் பாருங்கள்!

மலேசியத் தமிழர்களே! "நீ எந்தக் கட்சி?" என்று கேட்பவர்களுக்கு என்ன பதில் சொல்லப் போகிறீர்கள்?

2007 நவம்பர் 25-இல் கோலாலம்பூர் வீதியில் கண்ணீர்ப்புகையில் நின்றவர்களிடம் யாரும் கட்சி அட்டை கேட்கவில்லை. 2008-இல் பாரிசானின் மூன்றில் இரண்டு பெரும்பான்மையை உடைக்கத் தோள் கொடுத்தோம். 2018-இல் ஆட்சியையே மாற்றினோம். 2022-இல் நடந்தது என்ன? மேடைக்கு மேடை ஏசிக்கொண்ட பக்காத்தானும் பாரிசானும் ஒரே அரசாங்கத்தில் அமர்ந்தன! அவர்களுக்காக அடித்துக்கொண்ட நம் அண்ணன் தம்பிகள்தான் இன்னும் முகம் பார்ப்பதில்லை.

சிவப்பு அடையாள அட்டைக்குக் கட்சி உண்டா? தோட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பத்துக்குக் கட்சி உண்டா?

ஓட்டுக் கேட்டு வருபவரிடம் குடியுரிமை, வீடு, தமிழ்ப்பள்ளி மூன்றுக்கும் என்ன செய்வீர், எப்போது செய்வீர் என்று கேளுங்கள். எழுதி வாங்குங்கள். சொன்னதைச் செய்யாதவர் எந்தக் கட்சியானாலும், அடுத்த முறை வாசலோடு திருப்பி அனுப்புங்கள்!