சிறு குறியும் பெரும் பொருளும்



கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பர். ஆங்கில இலக்கணத்தில் அத்தகைய கடுகு ஒன்று உண்டு. எழுத்தின் தலைப்பக்கத்தில் தொங்கும் ‘அபாஸ்ட்ரபி’ என்னும் குறியே அது.

எனக்குத் தமக்கையர் இருவர். தேர்வில் ‘என் தமக்கையரின் புத்தகங்கள்’ என்று ஆங்கிலத்தில் எழுத எண்ணி, குறியை ‘எஸ்’ எழுத்துக்குப் பின் இடாமல் முன்னே இட்டுவிட்டேன். மதிப்பெண் போனது ஒருபுறம் இருக்க, “அந்த ஒருத்தி யாரடி?” என்று வீட்டில் இருவரும் கேட்டுச் சிரித்தனர். ஒரு குறியால் ஓர் அக்காவையே இழந்தேன்!

இத்தவறு ஏன் நேர்கிறது? நாம் காதை நம்பி எழுதுவதே காரணம் என்பது என் கருத்து. தமிழில் மாணவியர், மாணவியின், மாணவியரின் என்னும் மூன்றும் வெவ்வேறாக ஒலிக்கின்றன. பன்மை எது, உடைமை எது என்று செவியே சொல்லிவிடும். ஆங்கிலத்திலோ மூன்றுக்கும் ‘கேர்ள்ஸ்’ என்ற ஒரே ஒலிதான். வேறுபாட்டைக் கண்தான் காண வேண்டும். கைதான் காட்ட வேண்டும்.

“ஆங்கிலேயரே இதைக் கைவிடுகிறார்களே!” என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். லண்டன் ரயில் நிலையங்களில் ‘ஏர்ல்ஸ் கோர்ட்’ பெயரில் குறி உண்டு. ‘பேரன்ஸ் கோர்ட்’ பெயரில் இல்லை. பர்மிங்காம் நகர மன்றம் 2009-இல் தெருப் பலகைகளில் குறி வேண்டாம் என்று முடிவு செய்தது. ஆனால் தெருப் பெயர் வழி காட்டினால் போதும். நாம் எழுதும் வாக்கியமோ பொருள் காட்ட வேண்டுமல்லவா?

அமெரிக்காவில் அன்னையர் தினத்திற்காகப் பாடுபட்ட அன்னா ஜார்விஸ் அம்மையார், ஆங்கிலப் பெயரில் குறி ‘எஸ்’ எழுத்துக்கு முன்னேதான் நிற்க வேண்டும் என்று வற்புறுத்தினார். ஒவ்வொருவரும் தம் ஒரே தாயைப் போற்றும் நாள் அது என்பதே அவர் எண்ணம். நாம் தமிழில் ‘அன்னையர்’ என்று பன்மையில் சொல்கிறோம். அவர் கருதியதோ ஒருமை. அந்தச் சிறு குறிக்குள் ஒரு மகளின் மனம் இருக்கிறது!

ஆகவே விதிகளை மனப்பாடம் செய்வதோடு நில்லாமல், முதலில் “யாருடையது?” என்று தமிழிலேயே கேட்போம். உடையவர் ஒருவரா, பலரா என்று அறிந்து, அச்சொல்லை முழுதாக எழுதுவோம். பிறகு குறியை இடுவோம். பன்மைச் சொல் ‘எஸ்’ எழுத்தில் முடிந்தால் குறி மட்டும் போதும். ‘சில்ட்ரன்’ போல வேறு எழுத்தில் முடிந்தால் குறியும் ‘எஸ்’ எழுத்தும் வேண்டும். உடைமையே இல்லாத வெறும் பன்மைக்குக் குறியே வேண்டாம்.

நம் பள்ளியையும் ஆங்கிலத்தில் ‘கேர்ள்ஸ் ஸ்கூல்’ என்கிறோம். குறியை ‘எஸ்’ எழுத்துக்கு முன் இட்டால் பள்ளி ஒருத்திக்கே சொந்தமாகும். பின் இட்டால் நம் அனைவருக்கும் உரியதாகும். தோழியரே, எங்கே இடப் போகிறீர்கள்?