மரப்பொந்துச் சிலந்தி

சிலந்தி என்றவுடன் தமிழ் மாணாக்கர்க்குத் திருவானைக்காவும் கோச்செங்கட் சோழனும் நினைவுக்கு வருதல் இயல்பு. வலை பின்னி இறைவனுக்கு நிழல் செய்த சிலந்தியைப் புராணம் அரசனாக்கிற்று. மன்னார்க் கரையிலோ, இரை பிடிக்க வலையே விரிக்காத வேறொரு சிலந்தி வாழ்கிறது.

'பொய்சிலோதீரியா' என்பது அதன் குலப்பெயர். புள்ளி விலங்கு எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களால் ஆனது. சிங்களத்தில் இக்குலத்தைத் 'திவி மகுளுவா' என்பர். திவி என்றால் சிறுத்தை. கண்டி இராச்சியத்தில் 1660 முதல் 1679 வரை சிறையிருந்த இராபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலில் இப்பெருஞ்சிலந்தியைக் குறிப்பிடுகிறார். கடியுண்டவர் சாவதில்லை, வலியால் சிறிது காலம் அறிவு கலங்குவர் என்பது அவர் கூற்று. மூன்று நூற்றாண்டுக்குப் பின்னும் அது பெரிதும் பொருந்துகிறது: கடியால் இறந்தார் என்ற செய்தி இல்லை, ஆயினும் தசைப்பிடிப்பு நாட்கணக்கில் வருத்தும்.

2004இல் அன்ரூ சிமித் என்பார் இராமேசுவரத்தில் கிடைத்த இனமொன்றுக்கு அவ்வூர் அனுமார் கோயிலின் பெயரை இட்டார். மிகக் கடுமையான அழிவை எதிர்நோக்கும் இனமென அது பின்னர் பட்டியலில் ஏறியது. அவ்வினமே மன்னாரிலும் உண்டென 2015இல் இலங்கை ஆய்வாளர் அறிவித்தனர். இடையே கிடப்பது ஏறக்குறைய 30 கிலோமீற்றர்க் கடலும் மணல்திட்டுகளும். சிலந்தி நீந்தியா வந்திருக்கும்? கடல் தாழ்ந்திருந்த காலத்தில் நிலவழியே பரவிற்று என்று கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது. அக்கரையில் புளி, பனை, தென்னை ஆகியவற்றின் பொந்துகளிலும் பட்டையிடுக்குகளிலும் அதைக் கண்டிருக்கிறார்கள்.

சாம்பல் நிறமும் கறுப்புக் கோலமும் பட்டையோடு ஒன்றிவிடுவதால், கையெட்டும் தூரத்தில் இருந்தாலும் கண் அதைக் கடந்து போகும். அச்சுறுத்தினால் மட்டும் முன்கால்களை உயர்த்தி, அடிப்புறத்து மஞ்சளைக் காட்டும். காண விரும்புவோர் இருட்டிய பின் சென்று, செந்தாள் சுற்றிய கைவிளக்குடன் அசையாது நிற்றல் வேண்டும். பொந்தில் குச்சி விடுதல் கூடாது; குஞ்சுகள் தாயோடு சிலகாலம் அதே பொந்தில் கூடி வாழ்வன.

மேல்நாடுகளில் இக்குலத்தைப் பெட்டியில் வளர்ப்போர் பலர். உயரமான பெட்டி, நிமிர்த்திய பட்டை, சிறு துளைகள், சிறிது நீர், இறுக மூடும் மூடி இவ்வளவே தேவை. சிலந்தி எங்கே இருக்கிறதென்று அறியாமல் மூடியைத் திறத்தலும் கையில் எடுத்தலும் அறிவீனம்: மின்னலென ஓடும், கீழே விழுந்தால் வயிறு வெடித்து இறக்கும். வாரக்கணக்கில் பட்டையை மட்டுமே பார்த்திருக்கும் பொறுமையும் வேண்டும். வளர்ப்பவர்கள் கற்றுத் தந்தவை பல என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் பெட்டியில் பிறந்த சிலந்தி வேறு. மன்னார் மரத்திலிருந்து களவாடிய சிலந்தி வேறு. 2019இல் ஜெனீவாவில் கூடிய மாநாட்டில், இலங்கையும் அமெரிக்காவும் முன்மொழிந்தபடி, இக்குலம் முழுவதும் அனுமதியின்றி நாடு கடத்தலாகாத பட்டியலில் சேர்ந்தது. அம்மாநாடு கொழும்பில் நடைபெற இருந்தது. அவ்வாண்டு உயிர்த்த ஞாயிற்றுக் குண்டுவெடிப்புகளால் இடம் மாறிற்று.

சட்டம் சிலந்தியைக் காக்கலாம்; பொந்தைக் காப்பது யார்? காய்ப்பு நின்ற முதுமரத்தையே நாம் முதலில் வெட்டுகிறோம். பொந்து விழுவதும் அம்மரத்தில்தான். மன்னார்ப் பள்ளிகளின் ஆசிரியர்கள் ஊரிலுள்ள பொந்து மரங்களை மாணாக்கரைக் கொண்டு எண்ணி எழுதச் செய்தால், அடுத்த மரம் விழுமுன் அது எவருடைய வீடு என்று கேட்கவேனும் ஓர் ஏடு இருக்கும்.